மகளைக் கொடுத்த காலைகள்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே முழு நம்பிக்கை இல்லை. நடந்தது அறுபத்தொன்பதில் என்று நினைக்கிறேன். அதற்கு அடுத்த வருடமாகவும் இருக்கலாம். மூதூரிலிருந்து சம்பந்தி வந்த அன்று மழை பெய்தது என்பார்கள் சிலர். என் நினைவில் வெயில்தான் இருக்கிறது. யார் எந்தக் கதிரையில் இருந்தார் என்பதிலும் குழப்பம் உண்டு. பேசிய வார்த்தைகளில் மட்டும் அவ்வளவு குழப்பமில்லை. அவற்றைப் பிறகு பல காலம் ஊரே சொல்லித் திரிந்தது. ஊர் சொல்லித் திரிந்ததால் அவை மாறியிருக்கவும் கூடும்.

முனாப் திருகோணமலைத் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச்சுக்குக் கை காட்டுகிறவர். கப்பலின் மேல்தட்டில், சரக்கறையின் வாயோரத்தில் நிற்பார். வின்ச்சை இயக்குகிறவனுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. இரைச்சலில் யார் கத்தினாலும் கேட்கவும் கேட்காது. முனாப்பின் கை உயர்ந்தால் மா மூட்டைகள் மேலே வரும். கை மடங்கினால் அந்தரத்தில் நிற்கும். கீழே ஆட்கள் நிற்பார்கள். அந்தக் கை தயங்கி யாரும் பார்த்ததில்லை.

தொழுகைக்கு வந்து நின்றால் அவர் வேறு ஆள்.

தொழத் தொடங்கும்போது நிய்யத்து வைக்க வேண்டும். இன்ன நேரத்துத் தொழுகையை அல்லாஹ்வுக்காகத் தொழுகிறேன் என்று வாயால் சொல்லி, அந்த எண்ணம் மனத்தில் இருக்கும்போதே கைகளைக் காதுவரை உயர்த்தி, அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்ல வேண்டும். எல்லோரும் ஒரு மூச்சில் அதைச் செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார்கள். முனாப்பும் சொல்வார், கையை உயர்த்துவார். தக்பீர் வாய்க்கு வரும்போது, சொன்ன நேரம் மனம் அதில் இருந்ததா என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். கையை இறக்கிவிட்டுத் திரும்பச் சொல்வார். இமாம் குனிவார், வரிசை முழுக்கக் குனியும், முனாப் மட்டும் நிமிர்ந்து நின்று கையை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பார். அவரோடு துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் பின்வரிசையிலிருந்து பார்த்தால், பள்ளிவாசலுக்குள் ஏதோ கப்பல் வந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

இந்த ஓயாத சந்தேகத்துக்கு வஸ்வாஸ் என்று பெயர். ஊரில் தெரிந்த வியாதிதான். சிலருக்குக் கால் கழுவுவதில் வரும், இவருக்குத் தொடங்குவதில் வந்திருந்தது. பள்ளிவாசல் லெப்பை ஆதம்பாவாவிடம் இதற்கு மருந்து இருந்தது. அவரும் முனாப்பும் ஒரே ஓதுபள்ளியில் ஒரே பிரம்பால் அடி வாங்கியவர்கள். ஆகையால் மருந்தை நயமாகச் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

"டேய் முனாப், சந்தேகம் வந்தா தெருநாயப் பாத்த மாதிரி பாக்காமப் போ. நிண்டு பாத்தாத்தான் அது கடிக்கும்."

"நாய் பின்னால வருதா இல்லையா எண்டு பாக்காம எப்படிப் போற லெப்பை?"

லெப்பை தாடியைத் தடவிக்கொண்டு, பாங்கு சொல்ல நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். நேரமாகியிருக்கவில்லை.

ஆனால் மௌலிது ஓதும் மாதம் வந்தால் முனாப்பைப் பிடிக்க ஏலாது. பாய் விரித்து, சாம்பிராணி போட்டு, நபியின் புகழைக் கூட்டமாக இருந்து ஓதும்போது அவருடைய குரல்தான் எல்லோருக்கும் மேலாகக் கேட்கும். அங்கே அவருக்கு ஒரு கேள்வியும் வருவதில்லை. தொழுகைக்கு ஒரு வாசல்படி உண்டு. அதைத் தாண்டினேனா இல்லையா என்று நின்று யோசிக்க இடமிருக்கிறது. புகழ்வதற்கு அப்படி ஒரு படி இல்லை. ஒரு வரி நழுவினால் பக்கத்தில் இருப்பவர் பிடித்துக்கொள்வார். மனம் எங்கேயாவது போய்விட்டு வந்தாலும் கூட்டம் அங்கேயே ஓதிக்கொண்டிருக்கும், போய்ச் சேர்ந்துகொள்ளலாம். தன் வாழ்நாளில் தொழுகை என்று ஒன்று உண்மையில் தொடங்கியதா என்பதே முனாப்புக்கு நிச்சயமில்லை. புகழ்ந்தது மட்டும் நிச்சயம். மறுமையில் அதை வைத்துத்தான் ஏதாவது பேச வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார்.

துறைமுகத்தில் அவருக்கு மேலே போர்மனாக இருந்தவர் கனகரத்தினம். அன்புவழிபுரத்துக்காரர், சைவர். வீட்டிலிருந்து துறைமுகம் வரை சைக்கிள் மிதித்துக்கொண்டே உரத்த குரலில் பதிகம் சொல்லி வருவார். மணி அடிக்க மாட்டார், பதிகம் கேட்டால் சனம் விலகிவிடும். ஒருநாள் முனாப் அவரிடம் கேட்டார்.

"ஐயா, சொல்லக்குள்ள மனசு அதுல இரிக்குமா?"

"எந்த மனம்? மனம் மச்சான்ர காணி வழக்கில நிக்கும், இல்லாட்டில் மத்தியானச் சாப்பாட்டில நிக்கும். வாய் தன்ர பாட்டில சொல்லிக்கொண்டு வரும்."

"அப்ப சாமிக்கு என்ன போய்ச் சேரும்?"

கனகரத்தினம் சைக்கிளைச் சுவரில் சாத்தினார். "முனாப் காக்கா, நாங்கள் மூட்டையை இறக்கி லொறியில ஏத்துறம். அது போய்ச் சேர்ந்ததோ எண்டு லொறிக்குப் பின்னால ஓடுறமே? சொல்லுறது என்ர வேலை. சேர்க்கிறது அவற்ற வேலை."

முனாப்புக்கு இது சோம்பேறித்தனமாகப் பட்டது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அவருக்கு ஸல்ஹா என்று ஒரே மகள். அவளுக்கு மூதூரில் மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். மாப்பிள்ளையின் பெயர் ஜவாஹிர். பட்டணத்தில் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி நிறுக்கிற வேலை. எதைச் சொன்னாலும் முதலில் ஓம் என்று சொல்லிவிட்டுப் பிறகு யோசிக்கிற சுபாவம். தகப்பன் இல்லை, தாய் ரபீக்கா மட்டும். நம் பகுதி வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பதாக ஏற்பாடு.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. நிக்காஹ்வில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, இரண்டு சாட்சிகளின் காது கேட்க, என் மகளை உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று வாயால் சொல்ல வேண்டும். முனாப் வாயால் சொல்ல வேண்டும் என்பதைக் கேட்டதும் அவருடைய மனைவி றுக்கியா நேரே லெப்பையிடம் போனாள். லெப்பை முனாப்பிடம் வந்தார்.

"அந்தப் பொறுப்ப எனக்குத் தா. ஒனக்குப் பதிலா நான் சொல்லுறன். எல்லாரும் செய்யிறதுதான்."

"எனக்கு இரிக்கிறது ஒரு மகள்" என்றார் முனாப்.

"மூதூர் ஆக்கள் லாஞ்சுக்குப் போகணும்டா. நீ ஏத்தி இறக்கிக்கிட்டு நிண்டா, அதுகள் கடலோரத்திலதான் படுக்கணும்."

"ஒரு மகள் லெப்பை" என்றார் முனாப் திரும்பவும். லெப்பை விட்டுவிட்டார்.

நிக்காஹ் அன்று கூடம் நிறைய ஆட்கள். முனாப் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். லெப்பை துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுத்தார். திரைக்குப் பின்னால் றுக்கியா மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். முனாப் ஒரு தடவை சொன்னார். தெளிவாக, ஒரே மூச்சில், கடைசி எழுத்து வரை. ஜவாஹிர் ஏற்றுக்கொண்டேன் என்றார். அவ்வளவுதான். கூட்டத்தில் சிலருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்கள் பெண் வீட்டாரின் உறவினர்கள் அல்ல, பள்ளிவாசலில் முனாப்புக்குப் பின்வரிசையில் நிற்கிறவர்கள்.

மூதூர் ஆட்கள் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, நேரத்தோடு லாஞ்ச் ஏறிக் கடல் தாண்டினார்கள்.

மறுநாள் காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு முனாப் குசினி வாசலில் வந்து நின்றார்.

"றுக்கியா, நேத்து இறைச்சி ஆணம் அடிப்பிடிச்சதா?"

"கொஞ்சம். ஆரும் கவனிக்கல்ல."

"நான் கவனிச்சன்."

"அதுக்கென்ன இப்ப? ஆடு இனி உசிரோட வருமா?"

"எப்ப கவனிச்சன் எண்டுதான் யோசிக்கிறன்" என்றார் முனாப்.

அவர் யோசித்து முடித்திருந்தார். 'தந்தேன்' என்ற சொல் வாயிலிருந்து வெளியேறிய அதே நேரத்தில்தான் பின்முற்றத்திலிருந்து கருகிய வாசனை வந்தது. மனம் சட்டிக்குப் போய்விட்டது. ஆக, சொல் இங்கே இருந்தது, மனம் சட்டியில் இருந்தது. மகள் எங்கே இருந்தாள்? கொடுக்கப்பட்டாளா, கொடுக்கப்படவில்லையா? கொடுக்கப்படவில்லை என்றால், கூடத்தில் இருந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கும் அந்தப் பொடியன் யார்?

"மருமகன், கையக் கழுவிட்டு ஒருக்கா வாங்க."

"ஓம் மாமா" என்றார் ஜவாஹிர்.

நிக்காஹ்வுக்கு இரண்டு சாட்சி வேண்டும். முனாப் ஒழுங்கையில் எட்டிப் பார்த்தார். மீன்காரர் ஸைனுலாப்தீன் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கொம்பு ஊதி வந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டு றஊப் பல்லு விளக்கிக்கொண்டு நின்றார். இருவரையும் உள்ளே கூப்பிட்டார். றஊப் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். முனாப் ஜவாஹிரின் கையைப் பிடித்து மகளைத் திரும்பக் கொடுத்தார். ஜவாஹிர் ஏற்றுக்கொண்டார். ஸைனுலாப்தீன் வந்த காரியத்துக்குக் கொஞ்சம் சூடை மீன் விற்றுவிட்டுப் போனார்.

அது அன்றோடு முடிந்திருந்தால் இந்தக் கதை இல்லை.

அடுத்த நாள், சொல்லும்போது ஒரு காகம் கத்தியது ஞாபகம் வந்தது. அதற்கடுத்த நாள் கப்பல் ஒன்று சங்கு ஊதியது. ஒருநாள் காலை காகமும் இல்லை, கப்பலும் இல்லை, அடுப்பில் எதுவும் இல்லை. முனாப் மனத்தை மகளின் மீது வைத்துச் சொன்னார். சொல்லி முடிக்கும் முன்னரே, ஆகா, இன்றைக்கு மனம் சரியாக இருக்கிறது என்று ஒரு எண்ணம் வந்தது. அந்த எண்ணம் மகளைப் பற்றியது அல்ல. ஆகவே அதுவும் செல்லாது.

மாதம் இரண்டு போனதில் ஜவாஹிருக்கு இது பழகிவிட்டது. மணம் முடித்த வீட்டில் இது ஒரு வழக்கம் போல என்று முதலில் நினைத்தாராம். பிறகு, "மாமா, தேத்தண்ணியக் குடிச்சிட்டு ஏற்றுக்கொள்ளட்டா? ஆறிப் போகுது" என்று கேட்கும் அளவுக்கு வந்தார். ஸல்ஹாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"வாப்பா, நான் என்ன ரொட்டியா? ஒவ்வொரு நாளும் காலையில சுட்டுக் குடுக்க?"

"இன்னும் ஒருக்கா மட்டும் மகள். இண்டைக்கு நல்லா வந்திச்சு, கடைசியில கொஞ்சம் நழுவிட்டு."

லெப்பையின் காதுக்குப் போனபோது அவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வந்தார்.

"நிக்காஹ்வுக்குப் பகிடியாச் சொன்னாலும் சொன்னதுதான்! மனசக் கேக்கிற காரியம் இல்ல இது. ரெண்டு சாட்சிட காதத்தான் கேக்கும்."

"மனசில்லாம சொல்லுறது சொல்லா லெப்பை? கிளியும் சொல்லும்."

"கிளிக்குக் கட்டிக் குடுக்கப் பொம்புளப்பிள்ள இல்ல. நிப்பாட்டு."

முனாப் நிற்பாட்டவில்லை. லெப்பை வருகிற நேரம் பார்த்து முன்னதாகவே முடித்துக்கொண்டார்.

ஸைனுலாப்தீன்தான் நிற்பாட்ட வழி செய்தார், அவர் அறியாமலே. மீன் எடுக்க அவர் சில நாட்களில் மூதூருக்கும் போவார். அங்கே கரையில் யாரோ, ஜவாஹிர் எப்படி இருக்கிறான் என்று கேட்டிருக்கிறார்கள். ஸைனுலாப்தீன் பொய் சொல்லாத மனிதர்.

"நல்லா இரிக்கான். நிக்காஹ்தான் இன்னும் முடியல்ல. ஒவ்வொரு நாளும் முயற்சி நடக்குது. நானே சாட்சி."

அந்தப் பேச்சு வெயில் தாழும் முன் ரபீக்காவின் வீட்டு வாசலுக்குப் போய்விட்டது.

அடுத்த நாள் காலை லாஞ்சில் ரபீக்கா தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். கையில் ஒரு வெறும் பை. மகனின் உடுப்பைப் போடுவதற்கு. வீட்டு வாசலில் சலாம் சொன்னாள், சிரிக்கவில்லை. கூடத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"லெப்பையக் கூப்பிடுங்க. சாட்சிக்காரரையும் கூப்பிடுங்க. என்ட மகனையும் கடையிலயிருந்து வரச் சொல்லுங்க. சம்பந்தியும் வேலையால வரட்டும். நான் இரிக்கிறன்."

முனாப்புக்கு ஆள் போனது. கப்பலில் மூட்டை பாதி வழியில் அந்தரத்தில் நின்றது. கனகரத்தினம் அதை இறக்கும் வரை இருக்கச் சொன்னார். முனாப்பின் கை இறங்கியது, மூட்டை இறங்கியது. மாவு படிந்த சட்டையோடு அவர் வீட்டுக்குப் பின்வாசலால் வந்தார்.

குசினியில் றுக்கியா அவரை மறித்தாள். அவள் அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள்.

"முன்னால போய் ஒரு வார்த்த சொல்லுங்க. ஒண்டு. இன்னும் ஒருக்கா செய்து பாப்பம் எண்டு ரெண்டாவது வார்த்த வாயில வந்தா, அந்தப் பொம்புள மகனக் கூட்டிக்கிட்டுப் போயிடும். போனா ஒங்கட பேரப்பிள்ளைக்கு வாப்பா இல்ல."

முனாப் பேரனோ பேத்தியோ வரப்போகிற செய்தியை இப்படித்தான் அறிந்தார். மகளைத் தேடிப் பார்த்தார். ஸல்ஹா அலுமாரிக்குப் பக்கத்தில் தரையில் இருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

கூடத்தில் எல்லோரும் வந்திருந்தார்கள். லெப்பை பேசிக்கொண்டிருந்தார். அவர் மார்க்கக் கிதாபுகளின் பெயரெல்லாம் சொன்னார். பதிவு செய்த கடுதாசியை விரித்துக் காட்டினார். ரபீக்கா கடைசி வரை கேட்டாள்.

"லெப்பை, ஒங்கட கிதாபு சரி. கடுதாசியும் சரி. கடுதாசி அரசாங்கக் கச்சேரிக்கு. எனக்கு அல்லாட பக்கம் தெரியணும். மீன்காரரே, நீங்க சொல்லுங்க, ஒவ்வொரு நாளும் நடந்ததா இல்லையா?"

"வெள்ளிக்கிழமையும் நடந்திச்சு" என்றார் ஸைனுலாப்தீன்.

"ஒரு பொருளக் குடுத்த மனிசன் அதத் திரும்பத் திரும்பக் குடுப்பானா? முதல் குடுத்தது குடுத்ததில்ல எண்டுதானே அர்த்தம்? அப்ப என்ட மகன் இவ்வளவு நாளும் இந்த ஊட்டுல என்ன முறையில இரிக்கான்?" அவள் முனாப்பின் பக்கம் திரும்பினாள். "சம்பந்தி, ஆரும் ஒங்களுக்குப் பதிலாச் சொல்ல வேணாம். நீங்க சொல்லுங்க. அண்டைக்கு மகளக் குடுத்தீங்களா, இல்லையா?"

முனாப் நின்றார்.

ஒழுங்கையில் ஒரு சைக்கிள் போனது கேட்டது. லெப்பை ஏதோ சொல்ல வாயெடுத்து, ரபீக்காவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். ஜவாஹிர் அரிசித் தூசி படிந்த கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முனாப் உள்ளே தேடிக்கொண்டிருந்தார். அன்றைய நாளைத் தேடினார். கருகிய வாசனை அப்படியே கிடைத்தது. மாப்பிள்ளையின் உள்ளங்கை ஈரமாக இருந்தது கிடைத்தது. மகளைக் கொடுத்த எண்ணம் மட்டும் கிடைக்கவில்லை. அதைத் தேடி எடுத்த பிறகுதான் பேசுவது என்றால், பேசவே முடியாது என்பது அவருக்கு விளங்கியது. காலம் முழுக்க நின்றாலும் இனி அது வராது. தேடிய இடத்தில் வேறு எதுவும் இருக்கவில்லை. திரைக்குப் பின்னால் ஒரு மகள் தரையில் இருந்தாள்.

"குடுத்திட்டன்" என்றார்.

சத்தம் குறைவாகத்தான் இருந்தது. நிச்சயமில்லாமல்தான் சொன்னார். நிச்சயமில்லாமல் ஒரு சொல்லைச் சொல்லி அப்படியே விட்டது அவருக்கு அதுதான் முதல் தடவை.

ரபீக்கா தலையைச் சாய்த்தாள். "இன்னொருக்கா சொல்லுங்க சம்பந்தி. தம்பிக்கும் நல்லாக் கேக்கட்டும்."

லெப்பை கண்ணை மூடிக்கொண்டார். திரைக்குப் பின்னால் றுக்கியா 'யா அல்லாஹ்' என்றது வெளியே கேட்டது. றஊப் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். முனாப்பை அறிந்த எல்லோருக்கும் இனி என்ன நடக்கும் என்று தெரியும். தானாகவே திரும்பச் சொல்லித் திரிந்த மனிதரை, இத்தனை வருடத்தில் முதல் முறையாக ஒருவர் திரும்பச் சொல்லும்படி கேட்டிருக்கிறார்.

முனாப்பின் வாய் திறந்தது. அவருக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை அவர் பிறகு லெப்பையிடம் மட்டும் சொன்னார். இந்தத் தடவை மனத்தை நன்றாக வைத்து, உரத்து, ஒழுங்காகச் சொல்லலாம். கேட்கிறார்களே. குற்றமில்லை. அந்தச் சொல் நாக்கின் நுனிவரை வந்து நின்றது. இதைச் சொன்னால் அதற்கடுத்ததையும் சொல்வோம் என்று அவருக்குத் தெரிந்தது.

"சொல்ல மாட்டன்" என்றார். "நான் சொல்லிட்டன். கேக்காட்டி, கேட்ட ஆக்களுக்கிட்டக் கேளுங்க."

ரபீக்கா அவரை உற்றுப் பார்த்தாள். அவள் பல வீடுகளில் பெண் பேசியவள், காணி பேசியவள், பேச்சு மாறுகிறவர்களைப் பார்த்தவள். இவர் வியர்த்துக்கொண்டு நின்றார், பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார், ஆனால் மாறவில்லை.

"எனக்குக் கேட்டிச்சு ராத்தா" என்றார் தம்பி.

"எனக்கும்" என்றார் மீன்காரர், யாரும் கேட்காமலே.

ரபீக்கா மடியிலிருந்த பையை நான்காக மடித்துக் கதிரையில் போட்டு, அதன் மேல் இருந்துகொண்டாள்.

"அப்ப தேத்தண்ணி போடச் சொல்லுங்க. சீனி கனக்கப் போடாம. மருமகள் எங்க? இஞ்ச வரச் சொல்லுங்க, முகத்தப் பாக்க."

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்கு முனாப் பள்ளிவாசலுக்குப் போனார். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று லெப்பை நினைத்திருந்தார். நின்று பார்த்தார். முனாப் நிய்யத்து வைத்தார், கையை உயர்த்தினார், இறக்கினார். இமாம் குனிந்தார். வரிசை குனிந்தது. ஒன்றும் மாறவில்லை. ஒருவேளை வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னதாக வரிசையோடு சேர்ந்திருக்கலாம். லெப்பைக்கு அப்படித் தோன்றியது, சத்தியம் செய்ய மாட்டார்.

தொழுது முடித்து எல்லோரும் போன பிறகு இருவரும் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் இருந்தார்கள். தொட்டியில் மீன்குஞ்சுகள் ஓடின.

"லெப்பை" என்றார் முனாப். "நிக்காஹ்வுக்கு ரெண்டு பேர் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் மறந்தாலும் அவங்க வைச்சிருப்பாங்க. தொழக்குள்ள ஆரு இரிக்கா?"

"கேக்கிறவன் ஒருத்தன் இரிக்கான் எண்டுதானேடா வந்து நிக்கிற?"

முனாப் எழுந்து செருப்பைத் தேடினார். அதைப் பற்றி அவர் என்ன முடிவுக்கு வந்தார் என்று எனக்குத் தெரியாது. வந்தாரா என்றும் தெரியாது.

அடுத்த நாள் காலையில் அவர் கூடத்துக்கு வந்தபோது ஜவாஹிர் பழக்கத்தில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து நின்றார். முனாப் அவரைப் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு, "இரிங்க மருமகன், தின்னுங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். ஒழுங்கையில் மீன்காரர் கொம்பு ஊதியபோது யாரும் கூப்பிடவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

முனாப் ஓய்வு பெறும் வரை வின்ச்சுக்குக் கை காட்டினார். எழுபத்தெட்டில் நெஞ்சு வலி வந்து இறந்தார். கடைசி மாதங்களில் படுத்தபடியே தொழுதார், அப்போதும் தொடங்க நேரமெடுத்தது. றுக்கியா மகளோடு இருந்தாள். ஸல்ஹாவுக்கு முதலில் ஒரு பெண்ணும் பிறகு இரண்டு ஆண்களும் பிறந்தார்கள். ஜவாஹிர் சங்கக்கடையின் கிளை ஒன்றுக்கு மனேஜராக வந்தார். ரபீக்கா மூதூர் வீட்டைத் தம்பிக்கு எழுதிவிட்டு மகனோடு வந்து தங்கி, அந்த வீட்டிலேயே மௌத்தானாள். கனகரத்தினத்துக்கு முழங்கால் வருத்தம் வந்ததால் சைக்கிளை விற்றுவிட்டு பஸ்ஸில் போய் வந்தார். பஸ்ஸில் பதிகத்தை வாய்க்குள் சொன்னார். ஸைனுலாப்தீன் உப்புவெளிப் பக்கம் வியாபாரத்தை மாற்றிக்கொண்டார். றஊப்பைப் பற்றி எனக்குத் தகவல் இல்லை. ஆதம்பாவா லெப்பை நான் கடைசியாகக் கேள்விப்பட்ட வரைக்கும் உயிரோடிருந்தார், காது மட்டும் கேட்பதில்லை.